குன்றுக்குள் எரியும் விளக்கு

அத்தியாயம் பதினான்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பன்னீர்செல்வம் தண்டவாளம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தமானில் இந்த வேலை பார்க்கிற மனிதர் அநேகமாக அவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். தீவில் ரயில் கிடையாது. ஆனால் ஷாதிபூரில் அவர் வீட்டுப் பின்னறையில், படாக் மரக் கால்கள் போட்ட எட்டடிக்கு நாலடிப் பலகையின் மேல், ஜப்பான் ரயில்கள் ஓடுகின்றன. தண்டவாளத்தின் அகலம் ஒரு விரல்கூட இருக்காது. ஒரு பெட்டி ஒரு சாணுக்கும் குறைவு. ஜன்னல், கைப்பிடி, கூரைமேல் கம்பி எல்லாம் உண்டு. உப்புக் காற்றுக்கு இரண்டு நாளில் தண்டவாளம் கறுத்துவிடும் என்பதால், மின்சாரத் துறை ஜூனியர் இன்ஜினியரான மனிதர் தினம் காலையில் பனியனோடு நின்று ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார்.

பக்கத்து வீட்டு ஐயாவு இதைப் பார்த்துவிட்டு, "அப்ப யுத்தத்துல ஜப்பான்காரன் வந்து பங்கர் கட்டிட்டுப் போனான். இப்ப உங்க வீட்ல ஸ்டேஷனே கட்டிட்டான்" என்று சொல்லாத வாரம் இல்லை.

ஸ்டேஷனும் இருக்கிறது. நீல ஓட்டுக் கூரை, பின்னால் பெயின்டில் கடல், பிளாட்பாரத்தில் ஒரு மஞ்சள் பலகை. அதில் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் "ஷாதிபூர்" என்று அவரே எழுதியிருந்தார். ஸ்டேஷனுக்கு இடது பக்கம், பலகையின் மூலையில் பச்சையாக ஒரு குன்று. தெர்மாகோலும் பேப்பர் கூழும் வைத்துக் கட்டியது. ரயில் அதன் வயிற்றுக்குள் ஒரு சுரங்கத்தில் நுழைந்து, மறு பக்கம் வெளியே வரும்.

அந்தக் குன்றுதான் மனிதரை மாசி மாதத்திலிருந்து தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

வாராவாரம் படிக்கிறவர்களுக்குக் காரணம் தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே வருகிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடலாம்.

ஜப்பானிலிருந்து வரும் பார்சலைத் தீவின் பின்கோடுக்கு அனுப்ப விற்கிறவர்கள் பலரும் தயங்குவார்கள். அதனால் பார்சல் சென்னையில் மைத்துனி ஷோபனா வீட்டில் இறங்கும். மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும் அவர் பெட்டியில் நாலு வீட்டுச் சாமான் வரும், அது இங்கே எல்லோரும் எல்லோருக்கும் செய்வது. தை மாதம் ஷோபனா விமானத்தில் கிளம்பியபோது அவள் பெட்டியில் இரண்டு சாமான் இருந்தன. ஒன்று அத்தானின் ரயில். இன்னொன்று அக்காவின் புடவை.

புடவை சாதாரணப் புடவை இல்லை. அவர் மனைவி நீலாவதியின் அம்மா கட்டிய அரக்குப் பட்டு. அம்மா இறந்த அன்று மழையில் விமானங்கள் ரத்தாகி, நீலாவதி சென்னை போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. வேறு எதுவும் வேண்டாம், மகள் அகிலாவின் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிவிட அந்த ஒரு புடவை போதும் என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

சென்னை விமான நிலையத்தில் எடை கூடிவிட்டது. விமானம் நிறைந்திருக்கிறது, கூடுதல் சாமான் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஷோபனா அக்காவுக்குப் போன் செய்தாள். நீலாவதி குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்தவர் பன்னீர்செல்வம்.

"அத்தான், ரயிலா, புடவையா? ஒண்ணை எறக்கியாகணும்."

யோசிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டும்? ஆகவில்லை. "புடவைதானே, கப்பல்ல கொடுத்து விட்டுரும்மா. அக்காகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்" என்றார். எடை கூடியதால் புடவை பின்னால் கப்பலில் வரும் என்று மட்டும் நீலாவதியிடம் சொன்னார்; ரயிலைத் தேர்ந்தெடுத்தது தான் என்று அவரும் சொல்லவில்லை, ஷோபனாவும் காட்டிக்கொடுக்கவில்லை.

புடவை மாசியில் கப்பலில் வேலை பார்க்கும் கோவிந்தராஜ் கையில் வந்தது. ஹேடோ கப்பல் துறையில் பன்னீர்செல்வமே போய் வாங்கினார். பை முழுக்கக் கடல் தண்ணீர் ஏறி, சரிகை கறுத்து, சாயம் பாதி ஓடியிருந்தது. நீலாவதி கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் நல்ல தண்ணீரில் அலசினால் சரியாகும் என்று நினைத்து அலசினார். மீதிச் சாயத்திலும் கொஞ்சம் ஓடியது. அன்று சாயங்காலம் மனைவி கேட்டபோது, "கோவிந்தராஜ்கிட்ட அப்படி எதுவும் குடுக்கலையாமே" என்று சொல்லிவிட்டார். கோவிந்தராஜும் அடுத்த வாரமே கார் நிக்கோபார் தீவுப் பக்கம் வேலை மாறிப் போய்விட்டார்.

மாமியார் புடவையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒளிக்கவோ வீட்டில் இடம் இல்லை. ஈரம் தாங்காத ஊர் இது. நீலாவதி வாரம் ஒரு அலமாரியைக் காலி செய்து துடைத்துக் காயவைப்பாள். அவள் கை படாத ஒரே இடம் ரயில் பலகை. பழைய வேஷ்டியில் சுற்றி, பலகைக்கு அடியிலிருந்து கைவிட்டு, குன்றுக்குள் தண்டவாளத்தை ஒட்டி வைத்தார். பூசணம் பிடிக்காமலிருக்கத் துணி அலமாரிக்குள் வைப்பது போல ஒரு ஜீரோ வாட் பல்பும் போட்டார். அன்றிலிருந்து அந்தப் பல்பு அணைந்ததே இல்லை.

அவ்வளவுதான் முன்கதை. இப்போது அவர் கை குன்றுக்குள் இருந்தது. மழை பிடித்த மாதமாயிற்றே, ஈரம் ஏறியிருக்கிறதா என்று வேஷ்டியைப் பிரித்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

வாசலில் நீலாவதி. அவசர அவசரமாகத் துணியை உள்ளே தள்ளிவிட்டுக் கையை எடுத்தார்.

"பதினோரு மணிக்கு சம்மந்தி வீட்ல வர்றாங்க. நீங்க இன்னும் பனியனோட நிக்கறீங்க. தேவேந்திரன் அண்ணன் ரயிலைப் பார்க்கணும்னு போன்லயே சொல்லிட்டாரு. ஓட்டிக் காமிங்க."

"ஓட்டறேன்."

"தை மாசம் வந்துச்சே, நீல வண்டி. அதை ஓட்டுங்க. அதுதான் அழகா இருக்கு."

அவளுக்கு இந்த ரயில்கள் மேல் ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. தெருவில் யாராவது கேலி செய்தால், "எங்க வீட்டுக்காரர் குடிக்கறாரா, சீட்டாடறாரா?" என்று சண்டைக்குப் போகிறவள். திட்டியிருந்தாலாவது தேவலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறார்.

பின்னாலேயே அகிலா நோட்டும் பேனாவுமாக வந்தாள். பள்ளிக்கூட டீச்சர், எதையும் எழுதி வைக்க வேண்டும். "அம்மா, நிச்சயத்துக்கு மெயின்லேண்ட்லேர்ந்து வர்றவங்க லிஸ்ட்டை இன்னிக்கே முடிச்சிரணும். ஆவணிக்கு இப்பவே டிக்கெட் போட்டாதான் கிடைக்கும். சித்தி பேரை எழுதட்டுமா?"

"வேணாம்."

"அம்மா."

"என் அம்மா புடவையை எடுத்து வச்சுக்கிட்டு, கப்பல்ல குடுத்தேன்னு சாதிக்கறா. அவளை உட்கார வச்சு நான் தாம்பூலம் குடுக்கணுமா? அந்தப் புடவை இன்னொருத்தருக்குப் பழசு அகிலா. எனக்கு அதுதான் அம்மா." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அகிலா அப்பாவைப் பார்த்தாள். "நீங்களாச்சும் சொல்லுங்கப்பா. சித்தி அப்படிப்பட்டவங்க இல்லை."

"சொல்றேம்மா" என்றார். சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும்தான் நினைக்கிறார். முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுகை, நாலு நாள் மௌனம். அதோடு முடிந்திருக்கும். தள்ளித் தள்ளிப் போட்டதில் ஒரு பொய் இரண்டு பொய்யானது. இப்போது வாயைத் திறந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

பதினோரு மணிக்குச் சம்மந்தி வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை கௌதம் வண்டூரில் சுற்றுலாப் படகில் வேலையில் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்காது. அவன் அப்பா தேவேந்திரனும் அம்மா ராஜகுமாரியும் மட்டும் சிப்பிகாட்டிலிருந்து நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். கையில் சொந்தத் தோட்டத்து வாழைத்தார் ஒன்று.

டீ வந்தது, பஜ்ஜி வந்தது. ஆவணி இரண்டாவது ஞாயிறு என்று தேதி ஒத்துக்கொண்டார்கள். ராஜகுமாரி அகிலாவின் நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"ஏன் சம்மந்தி, உங்க கூடப் பொறந்த தங்கச்சி பேரு இதுல இல்லையே?"

"அவளுக்கு லீவு கிடைக்காதுங்க."

"அச்சா. ஒரே தங்கச்சி, லீவு போட மாட்டாங்களா?"

நீலாவதி பஜ்ஜித் தட்டை நகர்த்தி வைத்தாள். பன்னீர்செல்வம் ஆறிப்போன டீயைக் குடித்தார். நல்லவேளையாகத் தேவேந்திரன் எழுந்துவிட்டார்.

"சலோ சம்மந்தி, வண்டியக் காட்டுங்க. அதுக்குத்தான மழைன்னும் பாக்காம வந்தது."

பின்னறை வாசலில் அந்த மனிதர் செருப்பு இல்லாத காலைக்கூட ஒரு தடவை தரையில் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். பலகையின் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"சிலோன்லேர்ந்து எங்கள எறக்குனப்ப எனக்கு மூணு வயசு" என்றார். "மண்டபத்துலேர்ந்து ரயிலேத்தி மெட்ராசு கொண்டாந்து, அங்கேருந்து கப்பல்ல கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு. அப்பா சொல்லும். ரயில்ல நான் அழுதுக்கிட்டே வந்தேனாம். எனக்கு ஒண்ணும் நெனவில்ல. அதுக்கப்பறம் ரயிலே பாக்கல சம்மந்தி."

பன்னீர்செல்வம் பெட்டியைத் திறந்து, நீலமும் வெள்ளையுமான எட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தில் ஏற்றினார். கன்ட்ரோலரைத் திருப்பியதும் ரயில் சத்தமில்லாமல் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது. தேவேந்திரன் குழந்தை மாதிரி குனிந்து, கன்னத்தைப் பலகையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார்.

"எங்க சின்னவ, தங்கச்சிதான் கொண்டாந்தா" என்றாள் நீலாவதி, தன்னையும் மறந்து. "ஏர்போர்ட்லேர்ந்து மடியிலேயே வச்சுக்கிட்டு வந்தா, ஆடக்கூடாதுன்னு." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கூந்துக்குள்ள லைட்டு எரியுதே, அது எதுக்கு?" தேவேந்திரன் சுரங்கத்தைக் காட்டிக் கேட்டார்.

"ஈரத்துக்கு" என்றார் பன்னீர்செல்வம். அதுவரை அவர் அன்றைக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பெட்டிகள் உள்ளே போயின. ஐந்தாவது பெட்டி வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஏதோ கிர்ரென்றது. அவர் கன்ட்ரோலரைச் சட்டென்று அணைத்தார்.

காலையில் அவசரத்தில் தள்ளிவிட்ட துணி.

"கட்பட் ஆயிருச்சா, ஏதும் கோளாறா?" என்றார் தேவேந்திரன்.

"ஒண்ணுமில்லை. வேற வண்டி ஓட்டிக் காமிக்கறேன், இந்தப் பக்கம் வாங்க."

"இது உள்ளாறயே நிக்குதே. இத எடுத்துருங்க சம்மந்தி, பாவமா இருக்கு."

பலகைக்கு அடியில் போய்த்தான் எடுக்க வேண்டும். பன்னீர்செல்வம் குனிந்தார். அதற்குள் நீலாவதி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "உங்க முழங்காலை வச்சுக்கிட்டு எதுக்குக் கீழே போறீங்க? இந்த வாசல் வழியா என் கை போகும். உங்க கைதான் போகாது."

"நீ தொடாதே நீலா. உடைஞ்சிரும்."

"பார்த்து எடுக்கறேங்க. எனக்குத் தெரியாதா?"

வளையல்களைக் கழற்றி ராஜகுமாரியிடம் கொடுத்தாள். வெளியே நின்ற பெட்டிகளையும் வாசலுக்குள் கைக்கு எட்டியவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சுரங்கத்துக்குள் கையை விட்டாள், முழங்கை வரைக்கும். நாலு பேருக்கு நடுவில் அவரால் அவள் கையைப் பிடித்து இழுக்க முடியுமா? நின்றார். அந்த அரை நிமிஷம் அவர் வேறு எங்கேயும் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தை மட்டும்தான் பார்த்தார்.

முதலில் அதில் கவனம் இருந்தது. பிறகு எதையோ தொட்டுவிட்டு, என்ன இது என்று யோசிக்கிற முகம். விரல்கள் உள்ளே மெல்ல எதையோ தடவுவது அவள் தோள் அசைவிலேயே தெரிந்தது. பிறகு முகத்தில் எதுவுமே இல்லை.

கையை வெளியே எடுத்தாள். கையில் ரயிலின் முதல் பெட்டி. அதன் சக்கரத்தில் அரக்குச் சிவப்பு நூல் கற்றையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முந்தானைக் குஞ்சம். அதன் நுனியில் ஒரு பச்சை முடிச்சு. புடவை புதிதாக வந்தால் ஒவ்வொரு குஞ்சத்திலும் பச்சை நூலால் ஒரு முடிச்சுப் போடுவது நீலாவதியின் அம்மா வழக்கம். அந்த ஒரு வீட்டைத் தவிர வேறு யாரும் அப்படிப் போட்டுப் பன்னீர்செல்வம் பார்த்ததில்லை.

"என்னம்மா அது நூலு?" என்று ராஜகுமாரி எட்டிப் பார்த்தாள்.

"ஏதோ பழைய துணிங்க. மலை கட்டறப்ப உள்ளே வச்சிருப்பாரு போல." நீலாவதி நூலைச் சக்கரத்திலிருந்து பொறுமையாகச் சுற்றி எடுத்தாள், அறுக்காமல். எடுத்ததை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். ரயில் பெட்டியைக் கணவரிடம் நீட்டினாள். "இந்தாங்க. ஒண்ணும் உடையலை."

வாங்கிக்கொண்டார். அவள் கண்ணைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கூடத்துக்குத் திரும்பிய பிறகும் நீலாவதி எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். இரண்டாவது தடவை டீ போட்டாள். ராஜகுமாரிக்கு வெற்றிலைத் தட்டு எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் வலது கையாலேயே செய்தாள். இடது கை மூடியபடியே இருந்தது. அவர்கள் கிளம்புகிற நேரத்தில், நின்றபடியே மகளைக் கூப்பிட்டாள்.

"அகிலா, நோட்டை எடு. முதல் பேரா ஷோபனா சித்தின்னு எழுது."

அகிலா நிமிர்ந்து பார்த்தாள். அம்மா முகத்தில் என்ன பார்த்தாளோ, கேள்வி கேட்காமல் எழுதினாள்.

"அதான, கூடப் பொறந்தவ இல்லாம எப்புடி" என்று ராஜகுமாரி சந்தோஷப்பட்டாள். தேவேந்திரன் ஸ்கூட்டரில் ஏறும்போதும் பின்னறைப் பக்கமே பார்த்துக்கொண்டு, "அடுத்த தடவ அந்தக் கூந்துக்குள்ள பூரா ஓட்டிக் காட்டணும் சம்மந்தி" என்றார்.

அவர்கள் தெரு திரும்பும் வரை நீலாவதி வாசலில் நின்று கை காட்டினாள். பிறகு நேராகப் பின்னறைக்கு வந்தாள். பன்னீர்செல்வம் அங்கேதான் இருந்தார். குன்றின் மேல்பாகத்தைப் பெயர்த்து எடுத்து, வேஷ்டிப் பொதியை வெளியே எடுத்து, ஸ்டேஷனுக்கு முன்னால் வைத்திருந்தார். இனி ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அவள் பிரித்தாள். சாயம் ஓடித் திட்டுத் திட்டாக வெளுத்திருந்த பட்டை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு விரித்துப் பார்த்தாள். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ஸ்பிரிட் வாசமும் பேப்பர் கூழ் வாசமும்தான் வந்திருக்கும்.

"நான்தான் ஏர்போர்ட்ல எறக்கச் சொன்னேன் நீலா" என்றார். "புடவையா ரயிலான்னு கேட்டா. நான்தான் ரயில்னு சொன்னேன். தண்ணி பட்டு வந்துச்சு. நான் அலசி இன்னும் கெடுத்துட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"என்கிட்ட சொல்ல வேணாம்." அவள் போனை எடுத்து ஸ்டேஷன் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். "அவகிட்ட சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் இங்கேயே நிக்கறேன்."

கதவோரத்தில் அகிலா வந்து நின்றிருந்தாள். பெண்ணுக்கு முன்னாலா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு, ஷோபனாவும் இதே பெண்ணுக்கு முன்னால்தான் பேச்சு வாங்கினாள் என்பது ஞாபகம் வந்தது. போன் போட்டார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "அத்தான்? என்ன இந்நேரத்துல? அக்காவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?"

மூன்று மாதமாகப் பேசாத அக்காவைத்தான் முதலில் கேட்கிறாள்.

"அக்கா நல்லா இருக்காம்மா. அந்தப் புடவை... வந்து சேர்ந்துருச்சு."

"அப்பாடா." அந்தப் பக்கம் அவள் அழுவதும் சிரிப்பதும் ஒன்றாகக் கேட்டது. "நான் அந்தக் கோவிந்தராஜ் நம்பரைத் தேடாத எடமில்லை அத்தான். கப்பல்லயே தொலைஞ்சிருச்சுன்னு நெனச்சேன். வந்துருச்சா? அக்கா கட்டிப் பார்த்தாளா? எப்ப வந்துச்சு?"

பன்னீர்செல்வம் மனைவியைப் பார்த்தார். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசி மாசமே வந்துருச்சும்மா" என்றார். "நான்தான் வாங்கினேன். நனைஞ்சு போயிருந்துச்சு. அக்காகிட்ட வரலைன்னு சொல்லிட்டேன்."

பின்னால் சென்னைத் தெருவின் ஆட்டோ சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஷோபனா பேசினாள். குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அக்கா என்னைத் திருடின்னு சொன்னது பங்குனியில அத்தான். இதே மாதிரி ஸ்பீக்கர்ல. நீங்க பக்கத்துல இருந்தீங்க. தண்டவாளம் தேய்க்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

அன்றைக்கு அவர் நின்ற இடம் இதே இடம். கையெட்டும் தூரத்தில் குன்று இருந்தது.

நீலாவதி மெதுவாகத் தலையை உயர்த்திக் கணவரைப் பார்த்தாள். புடவை கெட்டது அவளுக்குச் சற்று முன்புதான் தெரியும். அன்றைக்கு அவர் எல்லாம் தெரிந்தே பக்கத்தில் நின்றது இப்போதுதான் உறைக்கிறது. போனை நோக்கிக் குனிந்தாள்.

"ஷோபனா" என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு தங்கையின் பெயர். "ஷோபனா, நான்தான்டி. அக்கா."

இணைப்பு அறுந்திருந்தது. மழைக்குத் தீவின் லைன் அறுந்ததா, ஷோபனாவே வைத்துவிட்டாளா, தெரியவில்லை.

நீலாவதி போனைக் கையில் எடுத்துத் திரும்ப அழைத்தாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடியும் ஓய்ந்தது. இடது கை அப்போதுதான் மெல்லப் பிரிந்தது. பச்சை முடிச்சுப் போட்ட சிவப்பு நூல் உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது, சாயம் அவள் கையில் ஏறியிருந்தது.

"அப்பா, தள்ளி நில்லுங்க" என்றாள் அகிலா. அவள் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

பன்னீர்செல்வம் தள்ளி நின்றார். மூடி கழன்ற குன்றுக்குள் ஜீரோ வாட் பல்பு எதுவும் இல்லாத இடத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கலாமா வேண்டாமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. நீலாவதி மூன்றாவது தடவையாக எண்ணை அழுத்தினாள்.